மார்புக்குள் ஒரு கடிகாரம்

உடம்பு சரியில்லை என்று டாக்டரிடம் போனால் அவர் என்ன கேட்பார்? 'எத்தனை நாளாய்க் காய்ச்சல்? பசி எடுக்கிறதா? தூக்கம் வருகிறதா?' - இப்படி. இத்தாலியைச் சேர்ந்த பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்கிற டாக்டர், இன்னொரு கேள்வியையும் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்: 'நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?'

முந்நூறு வருஷத்துக்கு முன்னால் அது ரொம்பப் புதுசான கேள்வி! சுரங்கத்தில் இறங்குகிறவர், பானை வனைகிறவர், துணி வெளுக்கிறவர், கணக்கு எழுதுகிறவர் என்று ஒவ்வொரு தொழிலாக எடுத்துக்கொண்டு, யாருக்கு என்ன வியாதி வருகிறது என்று ஒரு புத்தகமே எழுதினார் ராமஸ்ஸினி. 1700-ல் வெளிவந்த அந்தப் புத்தகம் 1713-ல் விரிவான மறுபதிப்பு கண்டது. அதில் அவர் சொல்லிவிட்டுப் போன ஒரு சமாசாரம்தான் நம் கதையின் ஆரம்பம்.

கன்னிமாடங்களில் கடவுளுக்கென்று வாழ்க்கையை ஒப்படைத்துவிட்ட கன்னியாஸ்திரிகளுக்கு, மற்ற பெண்களைவிட மார்பகப் புற்றுநோய் அதிகம் வருகிறது என்று கவனித்தார் அவர். அந்த நோய் எட்டிப்பார்க்காத கன்னிமாடம் இத்தாலியில் அபூர்வம் என்று வருத்தத்தோடு எழுதினார். காரணம்? பிரம்மச்சரியம்தான் என்று நினைத்தார். கர்ப்பப்பைக்கும் மார்புக்கும் ஏதோ ஒரு ரகசியத் தொடர்பு இருக்கிறது, அதை உடற்கூறு நிபுணர்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது அவர் யூகம்.

அந்தக் காலத்துக்கு இது எவ்வளவு பெரிய பாய்ச்சல் தெரியுமா? அதற்கு முன்பு ஆயிரத்தைந்நூறு வருஷங்களாக ஐரோப்பிய டாக்டர்கள் நம்பிக்கொண்டிருந்தது காலென் என்கிற ரோமாபுரி வைத்தியர் சொன்ன வாக்கை. உடம்பில் 'கறுப்புப் பித்தம்' அதிகமாகி ஓரிடத்தில் தேங்கினால் புற்றுநோய் என்பது காலெனின் தீர்ப்பு. அந்தக் கறுப்புப் பித்தத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்!

ராமஸ்ஸினி சொன்னதைக் கணக்குப் போட்டுக் காட்டியவரும் ஓர் இத்தாலியர்தான். டொமெனிகோ ரிகோனி-ஸ்டெர்ன் என்று பெயர். வெரோனா நகரத்தில் 1760-லிருந்து 1839 வரை யார் யார், எந்த வயதில், எதனால் செத்தார்கள் என்கிற பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண்பது வருஷ மரணங்கள்! 1842-ல் முடிவுகளைச் சொன்னார். கன்னியாஸ்திரிகளுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் குறைவு, மார்பகப் புற்றுநோய் அதிகம். அதோடு இன்னொன்று - வயது ஏற ஏறப் புற்றுநோயும் ஏறுகிறது.

'இது என்ன பெரிய கண்டுபிடிப்பு? வயசானா எல்லா வியாதியும்தான் வரும்' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். வயது என்றால் என்ன என்பதில்தான் இருக்கிறது சூட்சுமம்.

அடுத்த காட்சி ஸ்காட்லாந்தில். கிளாஸ்கோ நகர டாக்டர் ஜார்ஜ் பீட்சன். ஆடுமாடு வளர்க்கிறவர்கள் சொன்ன ஒரு விஷயம் அவர் மனசில் தங்கியிருந்தது. கன்று போட்ட பசுவின் சினைப்பையை எடுத்துவிட்டால் அது தொடர்ந்து ரொம்ப காலம் பால் கறக்கும் என்பார்கள். அட, எங்கேயோ வயிற்றுக்குள் இருக்கிற சினைப்பைக்கும் மடிக்கும் என்ன சம்பந்தம்? மார்பகப் புற்றுநோய் முற்றிப்போய், இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று கைவிடப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஆபரேஷன் செய்து சினைப்பைகளை எடுத்தார். கட்டி சுருங்கியது! 1896-ல் அதைப் பிரசுரித்தார். 'ஹார்மோன்' என்கிற வார்த்தையே அப்போது பிறக்கவில்லை. அது வந்தது 1905-ல்தான்.

ஆக, ராமஸ்ஸினி யூகித்த ரகசியத் தொடர்பு இருப்பது நிஜம். ஆனால் தந்தி போவது கர்ப்பப்பையிலிருந்து அல்ல, பக்கத்து வீடான சினைப்பையிலிருந்து.

பிறகு 1926. இங்கிலாந்தின் ஜேனட் லேன்-கிளேபன் என்கிற பெண் டாக்டர், மார்பகப் புற்றுநோய் வந்த 500 பெண்களையும் வராத 500 பெண்களையும் எதிரெதிரே நிறுத்தி ஒப்பிட்டுப் பார்த்தார். எத்தனை வயதில் கல்யாணம், எத்தனை குழந்தைகள், பால் கொடுத்தீர்களா என்று ஒவ்வொருவரிடமும் விசாரணை. குழந்தை இல்லாதவர்கள், தாமதமாகக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், பால் கொடுக்காதவர்கள் - இவர்களுக்கு நோய் அதிகம் என்று வந்தது விடை. நோய் வந்தவர்களையும் வராதவர்களையும் ஒப்பிட்டுக் காரணம் தேடும் முறைக்கே அவர்தான் முன்னோடி.

ராமஸ்ஸினியின் கன்னியாஸ்திரிகள் ஏதோ பாவம் செய்துவிடவில்லை. பிரம்மச்சரியமும் குற்றவாளி இல்லை. அவர்கள் கர்ப்பம் தரிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரி, வயது விஷயத்துக்கு வருவோம். 1954-ல் பிரிட்டனில் பீட்டர் ஆர்மிடேஜ், ரிச்சர்ட் டால் என்கிற இருவர் ஒரு விந்தையைக் காட்டினார்கள். பல வகைப் புற்றுநோய்களில், வயது கூடக் கூட மரணங்கள் சும்மா படிப்படியாக ஏறவில்லை. வயதின் ஆறாவது அடுக்கு வேகத்தில் எகிறுகின்றன! அதாவது வயது இரண்டு மடங்கானால் ஆபத்து அறுபத்து நாலு மடங்கு. ஒரு நல்ல செல் கெட்டுப்போக ஒரே ஒரு விபத்து போதாது, ஆறேழு விபத்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கவேண்டும் என்று அவர்கள் அதற்கு அர்த்தம் சொன்னார்கள். அதற்கெல்லாம் காலம் பிடிக்கும். அதனால்தான் புற்றுநோய் பெரும்பாலும் வயதானவர்களின் நோயாக இருக்கிறது.

ஆனால் மார்பகம் இந்தக் கணக்குக்கு மசியவில்லை. டென்மார்க்கின் யோஹன்னஸ் கிளெமெஸன் இதை 1948-லேயே கவனித்துவிட்டார். வரைபடம் போட்டுப் பார்த்தால், ஐம்பது வயது வரைக்கும் கோடு மலை ஏறுகிற மாதிரி விர்ரென்று ஏறுகிறது. ஐம்பதை ஒட்டி ஒரு வளைவு. அப்புறமும் ஏறுகிறதுதான், ஆனால் மெதுவாக. இதற்குக் 'கிளெமெஸன் கொக்கி' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஐம்பதை ஒட்டிப் பெண்ணுக்கு என்ன ஆகிறது? மாதவிடாய் நிற்கிறது. சினைப்பை ஓய்வு பெறுகிறது. பீட்சன் கத்தியால் செய்ததை இயற்கை சாவகாசமாகச் செய்கிறது!

1970-ல் இன்னொரு துப்பு. ஹார்வர்டின் பிரையன் மக்மஹோன் தலைமையில் உலகின் ஏழு பகுதிகளில் நடந்த ஆய்வில், 18 வயதுக்கு முன்பே முதல் குழந்தை பெற்றவர்களுக்கு, 35-க்கு மேல் பெற்றவர்களைவிட ஆபத்து மூன்றில் ஒரு பங்குதான் என்று தெரிந்தது.

உடனே 'அப்ப பொண்ணுக்குச் சீக்கிரமா கல்யாணத்தைப் பண்ணிடலாமா?' என்று யாராவது ஆரம்பித்துவிடப் போகிறார்கள். வேண்டாம் ஸார்! பதினேழு வயதில் பிள்ளை பெறுவதில் தாய்க்கும் சேய்க்கும் இருக்கிற அபாயங்களின் பட்டியல் இதைவிடப் பல மடங்கு நீளம். துப்பறிகிறவருக்குக் கிடைத்த தடயம் இது. குடும்பத்துக்குச் சொல்கிற புத்திமதி அல்ல.

மிகக் கொடூரமான தடயம் ஜப்பானிலிருந்து வந்தது. 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டு விழுந்தபோது உயிர் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். மார்பகப் புற்றுநோய் யாருக்கு அதிகமானது? குண்டு விழுந்தபோது இருபது வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு. நாற்பதைத் தாண்டியிருந்தவர்களுக்குப் பாதிப்பு மிகக் குறைவு. அந்தச் சிறுமிகளுக்கும் நோய் உடனே வந்துவிடவில்லை. அவர்கள் வளர்ந்து, முப்பதையும் அதற்கு மேற்பட்ட வயதையும் எட்டிய பிறகுதான் வந்தது. பள்ளிக்கூட வயதில் பட்ட காயத்தை மார்பகம் மறக்கவில்லை. மூடி வைத்துக்கொண்டு காத்திருந்தது.

இத்தனை தடயங்களையும் ஒரே கயிற்றில் கோத்தவர் மால்கம் பைக். 1983-ல் அவரும் சகாக்களும் 'நேச்சர்' பத்திரிகையில் சொன்னது இதுதான்: பெண்ணின் வயது வேறு, அவள் மார்பகத்தின் வயது வேறு!

தமிழில் 'பொண்ணு வயசுக்கு வந்துட்டா' என்று சொல்கிறோம் இல்லையா? பைக்கின் கணக்குப்படி மார்பகத்தின் வயது அன்றைக்குத்தான் ஓட ஆரம்பிக்கிறது. முதல் மாதவிடாயோடு கடிகாரம் முழு வேகத்தில் ஓடத் தொடங்கும். முதல் குழந்தையை முழுமாதம் சுமந்து பெற்றால் வேகம் குறையும். மாதவிடாய் நின்றுவிட்டால் இன்னும் குறையும். நிற்கவே நிற்காது. கன்னியாஸ்திரியின் கடிகாரம் நடுவில் எங்கேயும் மெதுவாகாமல் ஐம்பது வரை ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இந்த ஒரு சமன்பாட்டில் ராமஸ்ஸினி, லேன்-கிளேபன், கிளெமெஸன், மக்மஹோன் எல்லோருடைய புதிர்களும் அடங்கிப் போயின.

ஒரு கேள்வி மட்டும் பாக்கி. அந்தக் கடிகாரம் எங்கே இருக்கிறது? முள் எது? டயல் எது?

விடை வேறு ஒரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. அதற்கு ஒரு சின்ன விளக்கம் தேவை.

உங்கள் உடம்பின் கிட்டத்தட்ட ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஒரே புத்தகம்தான் இருக்கிறது. டி.என்.ஏ. என்கிற அந்தப் புத்தகத்தில் சுமார் இருபதாயிரம் ஜீன்கள். கண்ணுக்கும் அதே புத்தகம், கல்லீரலுக்கும் அதே புத்தகம். அப்புறம் ஏன் கண் கண்ணாக இருக்கிறது, கல்லீரல் கல்லீரலாக இருக்கிறது? ஒவ்வொரு செல்லும் தனக்கு வேண்டிய பக்கங்களை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, மீதியைப் பசை போட்டு ஒட்டிவிடுகிறது! எழுத்து மாறுவதில்லை. படிக்கப்படுகிற பக்கம்தான் மாறுகிறது. இதைப் பற்றிய படிப்புக்கு எபிஜெனடிக்ஸ் என்று 1942-ல் பெயர் சூட்டியவர் கான்ராட் வாடிங்டன் என்கிற ஆங்கிலேயர். 'எபி' என்றால் கிரேக்கத்தில் 'மேலே'. ஜீன்களுக்கு மேலே நடக்கிற சமாசாரம்.

அந்தப் பசை என்ன? ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன் சேர்ந்த மெத்தில் என்கிற குட்டி மூலக்கூறு. பசைகளில் அது ஒரு வகை. டி.என்.ஏ. மீது மெத்தில் ஒட்டுவதுதான் ஜீனை நிறுத்துகிற ஸ்விட்ச்சாக இருக்கவேண்டும் என்று 1975-ல் ராபின் ஹாலிடேயும் ஆர்தர் ரிக்ஸும் தனித்தனியே சொன்னார்கள். பைக்கின் கட்டுரை வந்த அதே 1983-ல், அதே 'நேச்சர்' பத்திரிகையில், ஆண்ட்ரூ ஃபைன்பெர்கும் பெர்ட் வோகல்ஸ்டைனும் இன்னொன்றைச் சொன்னார்கள். புற்றுநோய் செல்களில் இந்தப் பசை தாறுமாறாகக் கிடக்கிறது! ஒரே வருஷம், ஒரே பத்திரிகை. ஆனால் அந்த இரண்டு கட்டுரைகளும் கைகுலுக்கிக்கொள்ள இன்னும் முப்பது வருஷம் ஆனது.

பழைய புத்தகத்தை வருஷக்கணக்காகப் பரண்மேல் போட்டு வைத்தால் என்னாகும்? ஒட்ட வைத்த பக்கம் சில இடங்களில் பிரிந்துகொள்ளும். திறந்திருக்கவேண்டிய பக்கம் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். செல்களிலும் கிட்டத்தட்ட அப்படித்தான். 2005-ல் ஸ்பெயினின் மரியோ ஃப்ராகா, மனெல் எஸ்டெலர் குழுவினர் 40 ஜோடி இரட்டையர்களைப் பரிசோதித்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள், ஜீன் எழுத்துக்கள் ஒன்றேதான். மூன்று வயது இரட்டையர்களின் பசை அடையாளங்கள் அச்சாக ஒன்றுபோல இருந்தன. ஐம்பது வயது இரட்டையர்களுக்கு? அங்கங்கே வெவ்வேறு! வாழ்க்கை இரண்டு புத்தகங்களையும் வெவ்வேறு விதமாகப் புரட்டியிருந்தது.

எந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டால் ஆபத்து? பி.ஆர்.சி.ஏ.-1 என்கிற ஜீனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1990-ல் மேரி-கிளேர் கிங் அது இருக்குமிடத்தைக் காட்டினார். 1994-ல் பிடித்தே விட்டார்கள். உடைந்த டி.என்.ஏ.வை ரிப்பேர் செய்கிற ஜீன் அது. இந்த மாதிரி ஜீன்கள் பழுதாகி, பரம்பரையாக வருவது மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துதான். மற்றவர்களுக்கு? 2000-ல் எஸ்டெலர் குழு பார்த்தபோது, சுமார் எட்டில் ஒரு கட்டியில் அந்த ஜீனின் முகப்பில் மெத்தில் பசை ஒட்டியிருந்தது. ஜீன் வாயைத் திறக்கவில்லை. எழுத்தில் பிழை இல்லை. பக்கம் ஒட்டிக்கொண்டுவிட்டது, ரிப்பேர் நின்றுவிட்டது!

பால் சுரக்கிற நாளங்களில் செல்கள் இரண்டு வரிசையாக நிற்கும். உள்வரிசைக்கு ஒரு வேலை, வெளிவரிசைக்கு ஒரு வேலை. அமெரிக்காவின் பெர்க்லியில் மார்க் லபார்ஜ் குழுவினர், இளம்பெண்கள் முதல் முதியவர்கள் வரை பலருடைய ஆரோக்கியமான மார்பகத் திசுக்களை ஒப்பிட்டு 2012-ல் சொன்னார்கள்: வயதாக ஆக, உள்வரிசை செல்கள் தங்கள் அடையாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறக்கின்றன. வெளிவரிசைக்காரர்களின் குணங்கள் அவற்றில் எட்டிப்பார்க்கின்றன. இது புற்றுநோய் அல்ல. ஆனால் வேலியில் விழுந்த இடைவெளி. எந்தப் பக்கத்தைப் படிப்பது என்று குழம்புகிற செல்லுக்குத் தடம் மாறுவது சுலபம்.

கடைசியில் 2013. லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்டீவ் ஹார்வத் என்கிற கணித மூளைக்காரர், சுமார் எட்டாயிரம் திசு மாதிரிகளை அலசி, டி.என்.ஏ.வில் 353 இடங்களில் உள்ள மெத்தில் அளவை மட்டும் வைத்து ஒருவரின் வயதைச் சொல்லிவிட முடியும் என்று காட்டினார். ரத்தமோ மூளையோ தோலோ, எதைக் கொடுத்தாலும் ஏறத்தாழ சரியான வயது. முரண்டு பிடித்த சில திசுக்களில் ஒன்று நமக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். ஆமாம், அதுதான்! பெண்ணின் ஆரோக்கியமான மார்பகம், அவளது மற்ற உடம்பைவிட இரண்டு மூன்று வயது மூத்ததாகக் கணக்கு காட்டியது.

பைக் காகிதத்தில் வரைந்த கடிகாரத்தின் நிழல் இப்போது டி.என்.ஏ. மீதே தெரிந்தது. 2015-ல் கமிலா டாஸ் சாண்டோஸ் என்கிற பெண் விஞ்ஞானி எலிகளில் இன்னொன்றும் பார்த்தார். ஒருமுறை கர்ப்பம் தரித்த எலியின் பால் சுரப்பி செல்களில் மெத்தில் அடையாளங்கள் நிரந்தரமாக மாறியிருந்தன. கர்ப்பம் முடிந்த பிறகும் செல்லுக்கு அதன் ஞாபகம் இருக்கிறது! கன்னியாஸ்திரிகளுக்கும் தாய்மார்களுக்கும் என்ன வித்தியாசம் என்ற ராமஸ்ஸினியின் கேள்விக்கு, முந்நூறு வருஷம் கழித்து ஒரு தொடக்க விடை.

சரி, இதனால் உங்களுக்கு என்ன லாபம்?

ஒன்று: எழுத்துப் பிழையைத் திருத்துவது கஷ்டம். பசையைக் கரைக்கலாம்! மெத்தில் பசையைக் குறைக்கிற மருந்து ஒன்றுக்கு 2004-ல் அமெரிக்கா ஒரு ரத்த நோய்க்காக அனுமதி கொடுத்தது. வேறொரு வகை எபிஜெனடிக் மருந்துக்கு, முற்றிய மார்பகப் புற்றுநோயில் ஒரு பிரிவினருக்காக, 2019-ல் சீனா அனுமதி தந்தது. ஆரம்பம்தான். அதே சமயம், 'உங்கள் உண்மையான வயதைச் சொல்கிறோம்' என்று விற்கிற டெஸ்ட்டுகள் யாருக்குப் புற்றுநோய் வரும் என்று சொல்லிவிடும் என நம்பி ஏமாறாதீர்கள்.

இரண்டு: 'எங்க பரம்பரையில யாருக்கும் இல்லையே, எனக்கு எப்படி வரும்?' என்கிற நிம்மதி ரொம்ப ஆபத்தானது. நோய் வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி ஒரு பரம்பரை இல்லை. அமெரிக்கக் கணக்குப்படி, அடுத்த பத்து வருஷத்தில் நோய் வருகிற வாய்ப்பு 30 வயதுப் பெண்ணுக்கு சுமார் இருநூறில் ஒன்று. 60 வயதுப் பெண்ணுக்கு சுமார் இருபத்தெட்டில் ஒன்று. ஆனால் நம் வீடுகளில் நடப்பது என்ன? 'எனக்கென்னடா, வயசாச்சு' என்று பாட்டி ஒதுங்கிக்கொள்கிறார். நாமும் விட்டுவிடுகிறோம். இளம் வயதில் வராது என்று அர்த்தமில்லை, எந்த வயதில் கட்டி தென்பட்டாலும் காட்டியே ஆகவேண்டும். ஆனால் கடிகாரம் அதிகம் ஓடியிருப்பது பாட்டிக்குத்தான்.

மூன்றாவதும் முக்கியமானதும் மும்பையிலிருந்து. டாடா நினைவு மருத்துவமனை 1998-ல் அந்த நகரத்துக் குடிசைப் பகுதிகளில் ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. அவர்களில் ஒரு பாதியினருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, நான்கு சுற்றுகள், கைகளால் மார்பகத்தைப் பரிசோதித்தார்கள். மெஷின் இல்லை, எக்ஸ்-ரே இல்லை. இருபது வருஷம் காத்திருந்து 2021-ல் முடிவைச் சொன்னார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களிடையே மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவிகிதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே உள்ளவர்களிடம் அப்படிக் குறையவில்லை.

கவனியுங்கள், பலன் கிடைத்தது ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு! இந்திய அரசின் திட்டத்திலும் 30 வயதிலிருந்து 65 வரையிலான பெண்களுக்கு இந்தக் கைப் பரிசோதனை இருக்கிறது. கூச்சப்பட ஏதுமில்லை.

உங்கள் வீட்டில் ஐம்பது தாண்டிய அம்மாவோ அத்தையோ பெரியம்மாவோ இருக்கிறார்களா? முட்டிவலிக்கும் சர்க்கரைக்கும் டாக்டரிடம் அழைத்துப் போவீர்கள். அடுத்த தடவை போகும்போது, 'இதையும் ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்' என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவர்களாகச் சொல்லமாட்டார்கள்.